ஆண் மீனின் ஈரலில் மஞ்சள் கரு: நீரில் கலந்த ஹார்மோனை ஒரு மரபணு காட்டிக்கொடுக்கும் விதம்

லண்டனுக்கு வடக்கே ஓடும் லீ ஆற்றையொட்டிய கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குட்டைகளில், 1970களின் பிற்பகுதியில், தூண்டில் போட்டவர்களின் கையில் விசித்திரமான ரோச் மீன்கள் அகப்பட்டன. ரோச் என்பது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த, ஐரோப்பிய ஆறுகளில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் வெள்ளி நிற மீன். அகப்பட்டவற்றில் சிலவற்றின் வயிற்றுக்குள் ஆணுக்குரிய விந்தகமும் பெண்ணுக்குரிய சினையும் ஒருசேர இருந்தன. வாழ்நாளின் நடுவில் பால் மாறிக்கொள்ளும் மீன் இனங்களும், இரு பாலாகவும் விளங்கும் மீன் இனங்களும் உலகில் உண்டு. ஆனால் ரோச் அந்த வகையைச் சேர்ந்ததன்று. சுத்திகரிக்கப்பட்டு ஆற்றில் விடப்படும் நீரில், பெண்மைக்குரிய ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படும் ஏதோ ஒன்று இருக்கலாம் என்ற சந்தேகம் அங்கிருந்து எழுந்தது.

சந்தேகத்தை எப்படிச் சோதிப்பது என்பதுதான் சிக்கல். எந்தப் பொருளைத் தேடுகிறோம் என்பதே தெரியாதபோது, நீரைக் குப்பியில் பிடித்துச் சென்று ஆய்வகத்தில் எதை அளப்பது? பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1980களின் இறுதியில் வேறொரு வழியை எடுத்தார்கள். வானவில் ட்ரவுட் மீன்களைக் கூண்டுகளில் அடைத்து, நாட்டின் பல சுத்திகரிப்பு நிலையங்களின் வெளியேற்று நீரில் சில வாரங்கள் வைத்திருந்தார்கள். (ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விடப்பட்டதும் இந்த இனம்தான்.) பிறகு அவற்றின் இரத்தத்தில் விட்டெல்லோஜெனின் என்ற ஒரே ஒரு புரதத்தை அளந்தார்கள். 1994இல் வெளியான முடிவின்படி, இடத்துக்கு ஏற்ப அப்புரதம் 500 மடங்கு முதல் 1,00,000 மடங்கு வரை உயர்ந்திருந்தது. லண்டன் புருனெல் பல்கலைக்கழகத்தின் ஜான் சம்ப்டரும் சூசன் ஜோப்லிங்கும், நீரிலுள்ள ஈஸ்ட்ரோஜன் மாசைக் காட்டும் உயிர்க்குறியாக விட்டெல்லோஜெனினைப் பயன்படுத்தலாம் என்று 1995இல் முன்வைத்தார்கள். உயிர்க்குறி என்றால், ஓர் உயிரியின் உடலுக்குள் ஏற்படும் மாற்றங்களில், வெளியிலிருந்து வந்த ஒன்றின் தாக்கத்தைச் சுட்டிக்காட்டக்கூடிய, அளந்து சொல்லக்கூடிய மாற்றம் என்று பொருள்.

ஏன் அந்தப் புரதம்? சினை மீன் வாங்கிச் சமைத்தவர்களுக்கு, ஒரு பெண் மீன் தன் உடலின் எவ்வளவு பெரிய பங்கைச் சினைக்காகச் செலவிடுகிறது என்பது தெரிந்திருக்கும். அந்த முட்டைகளுக்குள் நிறைந்திருக்கும் மஞ்சள் கரு, முட்டை வளரும் சினைப்பையில் உருவாவதில்லை. அதன் மூலப்பொருளான விட்டெல்லோஜெனின் ஈரலில் தயாராகிறது. இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது சினைப்பை ஈஸ்ட்ரடயால் என்ற ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அது இரத்தத்தின் வழியே ஈரலை அடைந்து, ஈரல் உயிரணுக்களுக்குள் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு, அதாவது அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதத்தோடு, பிணைகிறது. பிணைந்த அந்த இணை, டி.என்.ஏ.வில் விட்டெல்லோஜெனின் மரபணுவுக்கு முன்னால் அமைந்துள்ள குறிப்பிட்ட ஓர் எழுத்துத்தொடரில் போய் அமர்கிறது. மரபணு இயங்கத் தொடங்குகிறது. மரபணுவின் படியாகத் தூது ஆர்.என்.ஏ. உருவாகி, அதைப் பார்த்து உயிரணு புரதத்தைக் கட்டுகிறது, புரதம் மீண்டும் இரத்தத்தில் ஏறிச் சினைப்பைக்குச் சென்று மஞ்சள் கருவாகச் சேமிக்கப்படுகிறது.

இதே மரபணு ஆண் மீனிடமும் முழுமையாக இருக்கிறது. ஏற்பியும் இருக்கிறது, ஈரலும் இருக்கிறது. இயக்கி வைக்கப் போதுமான ஈஸ்ட்ரோஜன் மட்டும் ஆணின் உடலில் இல்லை என்பதால், அந்த மரபணு வாழ்நாள் முழுவதும் ஏறக்குறைய உறங்கியே கிடக்கிறது. இந்த முறையின் வலிமை முழுவதும் இங்கேதான் அடங்கியிருக்கிறது என்பேன். பெண் மீனின் ஈரலில் இம்மரபணு இயங்குவது கண்டுபிடிக்கத் தக்க செய்தி ஆகாது. பருவம், வயது, உணவு எனப் பலவற்றால் அங்கே அளவு ஏறி இறங்கும். ஆணின் ஈரலிலோ தராசின் முள் எப்போதும் சுழியத்தை ஒட்டியே நிற்கிறது. அது நகர்ந்தால், நகர்த்தியது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்ததாகத்தான் இருக்க முடியும்.

இங்கே ஒரு தவறான புரிதலைக் களைந்துவிடுவது நல்லது. ‘மரபணு உயிர்க்குறி’ என்ற சொல்லைக் கேட்டதும், மாசு மீனின் மரபணுவையே மாற்றிவிடுகிறது என்றும், அந்த மாற்றம் குஞ்சுகளுக்குப் பரம்பரையாகப் போகிறது என்றும் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். நாம் பேசும் அளவீட்டில் டி.என்.ஏ.வின் எழுத்துகள் எதுவும் மாறுவதில்லை. வீட்டிலிருக்கும் விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்று பார்ப்பதைப் போல, இருக்கும் மரபணு இப்போது இயங்குகிறதா, எவ்வளவு தீவிரமாக இயங்குகிறது என்பதையே பார்க்கிறோம். அந்தத் தீவிரத்தை அதன் தூது ஆர்.என்.ஏ.வின் அளவு காட்டுகிறது. இதை மரபணு வெளிப்பாடு என்கிறோம்.

தூது ஆர்.என்.ஏ.வை அளக்கும் கருவியின் பெயர் 2020க்குப் பிறகு எல்லா வீடுகளிலும் புழங்கிய ஒன்று: ஆர்.டி.பி.சி.ஆர். மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்த மாதிரியில் கொரோனா வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தேடிய அதே நுட்பம்தான், இங்கே ஆண் மீனின் ஈரல் துணுக்கில் விட்டெல்லோஜெனினின் தூது ஆர்.என்.ஏ.வைத் தேடுகிறது. முதலில் ஈரலிலிருந்து ஆர்.என்.ஏ. முழுவதும் பிரித்தெடுக்கப்படுகிறது. அதைத் தலைகீழ்ப்படியாக்க நொதி டி.என்.ஏ. வடிவத்துக்கு மாற்றுகிறது. பிறகு, விட்டெல்லோஜெனின் தொடரோடு மட்டும் பொருந்தும்படி வடிவமைத்த சிறிய டி.என்.ஏ. துணுக்குகளைச் சேர்த்து, வெப்பத்தைக் குறித்த ஒழுங்கில் ஏற்றி இறக்கினால், ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தொடர் இரட்டிக்கிறது. கூடவே சேர்க்கப்பட்ட ஒளிரும் சாயம், பெருகும் அளவுக்கேற்ப ஒளியைக் கூட்டுகிறது. ஒளி ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்ட எத்தனை சுற்றுகள் தேவைப்பட்டன என்பதே அளவு; கொரோனா காலத்து அறிக்கைகளில் ‘சி.டி. மதிப்பு’ என்று அச்சிட்டுத் தந்தார்களே, அதுதான் இது. தொடக்கத்தில் தூது ஆர்.என்.ஏ. நிறைய இருந்தால் குறைந்த சுற்றுகள் போதும். சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பு என்பதால், இரண்டு மீன்களுக்கு இடையே பத்துச் சுற்று வித்தியாசம் இருந்தால் அது சுமார் ஆயிரம் மடங்கு வித்தியாசம். பதினேழு சுற்று என்றால் ஒரு லட்சம் மடங்கைத் தாண்டிவிடும்.

ஒரு மீனிலிருந்து எடுத்த ஈரல் துண்டு பெரிதாகவும் மற்றொன்றிலிருந்து எடுத்தது சிறிதாகவும் இருந்தால் கணக்கு பிசகாதா என்ற கேள்வி எழலாம். அதற்காக, மாசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவில் இயங்கும் மற்றொரு மரபணுவையும் கூடவே அளந்து, அதனோடு ஒப்பிட்டே விட்டெல்லோஜெனினின் அளவைச் சொல்கிறார்கள். பீட்டா ஆக்டின் போன்றவை இப்படி அளவுகோலாக நிற்கின்றன. அளவுகோலாகத் தேர்ந்த மரபணுவே ஹார்மோனால் அசைகிறதா என்பதை முன்கூட்டிச் சோதித்துக்கொள்ளாமல் விட்டுவிடுவது இத்துறையில் நிகழும் பழைய பிழைகளில் ஒன்று.

புரதத்தையே அளக்கும் வழி முன்பே இருந்தபோது, தூது ஆர்.என்.ஏ.வைத் தேடிச் செல்வதற்குக் காரணம் காலம். ஈஸ்ட்ரோஜன் உடலுக்குள் நுழைந்த சில மணி நேரங்களிலேயே தூது ஆர்.என்.ஏ. உயரத் தொடங்கிவிடுகிறது; தாக்கம் நின்றுபோனால் சில நாள்களில் வடிந்தும் விடுகிறது. புரதமோ மெதுவாகச் சேர்ந்து, மெதுவாகவே குறைகிறது. அதிலும் ஆண் மீனிடம் அதை வாங்கிக்கொள்ளச் சினைப்பை கிடையாது. ஆகவே போக்கிடம் இல்லாமல் வாரக்கணக்கில் இரத்தத்தில் தங்கி, அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தையும் பாழாக்குகிறது. தூது ஆர்.என்.ஏ. அண்மையில் நடந்ததைச் சொல்கிறது. புரதம் சென்ற சில வாரங்களின் கதையைச் சொல்கிறது. நேற்று ஆற்றில் என்ன திறந்துவிடப்பட்டது என்பதை அறிய விரும்புபவருக்கு முன்னதே பயன்படும். இன்னொரு வசதியும் உண்டு. புரதத்தை அளக்க, அதை இனங்கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) ஒவ்வோர் இனத்துக்கும் பொருந்தும்படி தயாரித்தாக வேண்டும். மரபணு அளவீட்டுக்கு அந்த இனத்தின் மரபணுத்தொடர் தெரிந்தால் போதும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சின்சினாட்டி ஆய்வாளர்கள் 2000களின் தொடக்கத்தில், ஃபேட்ஹெட் மின்னோ என்ற விரல் நீள மீனின் ஆண்களைக் கொண்டு இம்முறையை வகுத்து, கழிவுநீர் கலக்கும் இடங்களில் சோதித்துப் பார்த்தார்கள்.

எவ்வளவு சிறிய அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் கொஞ்சம் நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். கருத்தடை மாத்திரைகளில் சேர்க்கப்படும் செயற்கை ஈஸ்ட்ரோஜனின் பெயர் எத்தினைல் ஈஸ்ட்ரடயால். ஒரு மாத்திரையில் அது பொதுவாக 30 மைக்ரோகிராம் அளவில் இருக்கும். கோடைக்காலத்தில் சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றில் அத்தகைய இரண்டு மாத்திரைகளைக் கரைத்தால், லிட்டருக்கு 5 நானோகிராம் என்ற அடர்த்தி வரும் (ஒரு மைக்ரோகிராமில் ஆயிரம் நானோகிராம்). அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான அடர்த்தியே, நாள்கணக்கில் அதில் நீந்தும் ஆண் ட்ரவுட்டின் ஈரலில் மஞ்சள் கருப் புரதத்தைத் தூண்டிவிடப் போதும். இந்த அளவுகளை வேதியியல் கருவிகளால் நம்பகமாக அளப்பது இன்றைக்கும் எளிதாக இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் வெளியிட்ட முதல் நீர்க் கண்காணிப்புப் பட்டியலில் எத்தினைல் ஈஸ்ட்ரடயாலைச் சேர்த்தபோது, அதற்குக் கோரப்பட்ட அளவீட்டு நுண்மை லிட்டருக்கு 0.035 நானோகிராம். குப்பியில் பிடித்த நீர் அந்தக் கணத்தின் நீர் மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம்; கூண்டிலிருக்கும் மீனோ இரவும் பகலும் அந்த நீரையே செவுள் வழியே செலுத்திக்கொண்டிருக்கிறது. மேலும், நீரில் தனித்தனியே வலுவற்ற பத்துப் பொருள்கள் இருந்து, பத்தும் ஒரே ஏற்பியில் போய் அமர்ந்தால், வேதியியல் அறிக்கை பத்தையும் பாதுகாப்பான அளவு என்று எழுதலாம். ஈரலுக்கு அவற்றின் கூட்டுத்தொகை மட்டுமே தெரியும்.

மீன் காட்டிக்கொடுப்பது ‘ஈஸ்ட்ரோஜனைப் போல ஒன்று இருக்கிறது’ என்பதை மட்டும்தான். அது எது என்பதை மீனால் சொல்ல முடியாது. அதை அறிய, பிரிட்டனில் வெளியேற்று நீரைப் பல கூறுகளாகப் பிரித்து, மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைப் பொருத்திய ஈஸ்ட் உயிரணுக்களிடம் ஒவ்வொரு கூறையும் கொடுத்துப் பார்த்தார்கள். எந்தக் கூறுக்கு ஈஸ்ட் பதில் கொடுத்ததோ அதை மட்டும் வேதியியல் பகுப்பாய்வுக்கு அனுப்பினார்கள். 1998இல் வெளியான விடை பலருக்கு எதிர்பாராததாக இருந்தது. வீட்டுக் கழிவுநீரைப் பொறுத்தவரை, முதன்மைக் காரணம் தொழிற்சாலைப் பொருள் எதுவும் இல்லை. மனித உடல் இயல்பாகவே சிறுநீரில் வெளியேற்றும் ஈஸ்ட்ரடயாலும் ஈஸ்ட்ரோனும், அவற்றோடு மாத்திரையின் எத்தினைல் ஈஸ்ட்ரடயாலும்தான்.

இதில் ஒரு நுட்பமான திருப்பம் இருக்கிறது. நம் உடல் ஈஸ்ட்ரோஜனை அப்படியே வெளியேற்றுவதில்லை. குளுக்குரோனிக் அமிலம் போன்றவற்றோடு பிணைத்து, செயலற்றதாக்கி, நீரில் எளிதில் கரையும்படி செய்தே அனுப்புகிறது. ஆனால் சாக்கடையில் பெருகும் பாக்டீரியாக்களில், குறிப்பாக நம் குடலிலிருந்தே செல்லும் ஈ. கோலியில், அந்தப் பிணைப்பை அறுக்கும் நொதி இருக்கிறது. ஈரல் கட்டிய முடிச்சைச் சாக்கடை அவிழ்த்துவிடுவதால், சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழையும்போது ஹார்மோன் மீண்டும் செயல்திறனோடு நிற்கிறது. தொழிற்சாலைகள் குற்றமற்றவை என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. வடக்கு இங்கிலாந்தின் ஏர் ஆற்றில், கம்பளியைக் கழுவும் ஆலைகளில் பயன்பட்ட சவர்க்காரப் பொருள்கள் சிதைந்து உண்டான நோனைல்ஃபீனால், அங்கே மீன்களைப் பாதித்த ஈஸ்ட்ரோஜன் தன்மைக்கு முக்கியக் காரணமாக இருந்தது. ஓர் ஆற்றின் விடையை இன்னோர் ஆற்றுக்கு எடுத்துச் செல்ல முடியாது.

களத்தில் இதைச் செய்வோர் கவனிக்க வேண்டியவை பல. கழிவுநீர் கலக்கும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் கூண்டுகள் வைக்க வேண்டும்; கீழே மட்டும் வைத்தால் ஒப்பிட ஏதுமில்லை. ஆர்.என்.ஏ. மிக விரைவில் சிதைவது என்பதால், ஈரலை எடுத்தவுடன் திரவ நைட்ரஜனில் உறையவைக்கவோ, ஆர்.என்.ஏ.வைக் காக்கும் கரைசலில் போடவோ வேண்டும். மீன் தீவனத்தில் சோயா இருந்தால், அதிலுள்ள ஜெனிஸ்டீன் என்ற தாவரப் பொருளே ஈஸ்ட்ரோஜனைப் போல நடந்து, சுத்தமான நீரிலிருக்கும் மீனையும் ‘மாசுபட்ட’ மீனாகக் காட்டிவிடும். ஆற்றைக் குற்றம் சாட்டுவதற்கு முன் தீவன மூட்டையைச் சோதித்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, பெண் மீன் ஒன்றைத் தவறுதலாக ஆண் என்று எண்ணிச் சேர்த்துவிடுவது. ஒரே ஒரு பெண்ணின் அளவு, ஆண்களின் சராசரியையே தலைகீழாக்கிவிடும்.

அதனால்தான் ஜப்பானிய நெல்வயல்களின் சிறிய மீனான மெடாக்கா ஆய்வாளர்களுக்குப் பிடித்துப்போனது. அதன் ஆண்களின் ஒய் குரோமோசோமில் டி.எம்.ஒய். என்ற ஆண்மையைத் தீர்மானிக்கும் மரபணு இருப்பது 2002இல் கண்டறியப்பட்டது. துடுப்பின் ஒரு நுனியிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, இம்மரபணு உண்டா என்று பார்த்தால் அந்த மீன் பிறப்பால் ஆணா என்பது தெரிந்துவிடும். பிறப்பால் ஆணாக இருந்தும் உடலால் பெண்ணாக வளர்ந்துவிட்ட மீனைக்கூட இப்படி அடையாளம் காணலாம். எல்லா இனங்களிலும் இந்த வசதி கிடையாது.

ஈஸ்ட்ரோஜன் மட்டும்தான் ஆற்றில் கலக்கிறதா என்றால், இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு காகித ஆலையின் கழிவு கலந்த ஓடையில், பெண் கொசு மீன்களுக்கு ஆணுக்குரிய துடுப்பு வளர்ந்திருந்தது 1980வாக்கில் பதிவானது. இப்படி ஆண்மைக்குரிய ஹார்மோனாகச் செயல்படும் மாசுக்கு வேறொரு மரபணு கைகொடுக்கிறது. முதுகில் முட்கள் கொண்ட ஸ்டிக்கில்பேக் என்ற மீனின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் நீர்ப்பாசிகளை ஒட்டிக் கூடு கட்டும். ஒட்டுவதற்கான பசையை அதன் சிறுநீரகம் தயாரிக்கிறது. அந்தப் பசைப்புரதத்தின் பெயர் ஸ்பிகின். பெண் கூடு கட்டுவதில்லை, எனவே அதன் ஸ்பிகின் மரபணு உறங்குகிறது. பெண்ணின் சிறுநீரகத்தில் அது விழித்திருந்தால் நீரில் ஆண் ஹார்மோன் இருக்கிறது என்று பொருள். ஆண் ஈரலின் விட்டெல்லோஜெனினுக்கு நேர் எதிர்ப்புறம் இது, தர்க்கம் ஒன்றுதான்.

இனி, இந்த அளவீடு எதைச் சொல்லாது என்பதற்கு வருவோம். ஆண் மீனின் ஈரலில் மரபணு விழித்தது என்பது, ஹார்மோன் மீனை அடைந்துவிட்டது என்பதற்குச் சான்று. அந்த மீனுக்குக் குஞ்சு பிறக்காது என்பதற்கோ, ஆற்றில் மீன் வளம் குன்றும் என்பதற்கோ அதுவே சான்றாகிவிடாது. பிரிட்டிஷ் ஆறுகளில் சில இடங்களில் பிடிபட்ட ஆண் ரோச்சுகள் எல்லாமே இரு பால் அறிகுறிகளோடு இருந்தது 1998இல் வெளியானபோதும், அதே ஆறுகளில் ரோச் மீன்கள் தொடர்ந்து வாழ்ந்தே வந்தன. ஈரலில் தெரியும் அறிகுறிக்கும் இனத்தின் வாழ்வுக்கும் இடையிலுள்ள தொலைவை அளக்க, ஒரு முழு ஏரியையே சோதனைக்குழாயாக்க வேண்டியிருந்தது.

கனடாவின் வடமேற்கு ஒன்டாரியோவில், ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளின் தொகுதி ஒன்று இருக்கிறது. அதில் 260 என்ற எண்ணால் அறியப்படும் ஏரியில், கரென் கிட் தலைமையிலான குழு 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில் எத்தினைல் ஈஸ்ட்ரடயாலைச் சேர்த்து, லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் என்ற அளவில் வைத்திருந்தது. நாம் மேலே பார்த்த தண்ணீர் லாரியின் அளவுதான் அது. அந்த ஏரியின் ஃபேட்ஹெட் மின்னோ ஆண்களில் விட்டெல்லோஜெனினின் தூது ஆர்.என்.ஏ.வும் புரதமும் உயர்ந்தன. புரதம் இயல்பைவிட ஆயிரக்கணக்கான மடங்கு இருந்தது. அடுத்து விந்தகங்களின் வளர்ச்சி பின்தங்கியது, சில ஆண்களின் விந்தகத்துக்குள் முட்டைகள் தோன்றின, பெண்களின் முட்டை வளர்ச்சியும் தடம் மாறியது. பிறகு குஞ்சுகள் அரிதாயின. இரண்டு முதல் நான்கு ஆண்டுகளே வாழும் மீன் அது; ஓரிரு ஆண்டுகள் குஞ்சு பொரிக்காவிட்டால் ஈடுகட்ட மூத்த தலைமுறை மிஞ்சாது. ஏரியில் அந்த இனம் அழிவின் விளிம்புக்கே சென்றதை 2007இல் வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் பதிவு செய்தார்கள். அதே ஏரியில் வாழ்ந்த, நீண்ட ஆயுள் கொண்ட பெரிய மீன்கள் அவ்வளவு விரைவாகச் சரியவில்லை. அவற்றின் ஈரலிலும் மரபணு விழித்திருந்தது என்றாலும், இனத்தின் தொகை வேறு கணக்கில் நடந்தது.

ஹார்மோன் சேர்ப்பதை நிறுத்திய பின்பும் அந்த ஏரியைக் கண்காணிப்பது தொடர்ந்தது. ஆண் மீன்களில் முதலில் இயல்புக்குத் திரும்பியது விட்டெல்லோஜெனின்தான். விந்தகங்கள் சீராவதற்கு அதைவிடக் கூடுதல் காலம் பிடித்தது. மின்னோக்களின் எண்ணிக்கை பழைய நிலைக்கு வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. முதலில் வந்த அறிகுறி முதலில் போனது. ஈரலை மட்டும் அளந்துகொண்டிருந்த ஒருவர், ஏரி இன்னும் பாதி காலியாகவே இருந்தபோது, எல்லாம் சரியாகிவிட்டது என்று அறிக்கை எழுதியிருப்பார்.